ஐயனார் காட்டின் ஒரு சிட்டிகைக் கரி

நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் இப்போது காடு அளப்பது நித்யா என்கிற பிள்ளை. போன மாதம் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தது. கூடவே ஒரு கருவி. அதைக் காட்டுக்கு நடுவில் மூணு கால் போட்டு நிறுத்தினால், அதுவே சுற்றிச் சுற்றி வெளிச்சம் அடித்து ஒவ்வொரு மரத்தின் பருமனையும் உயரத்தையும் பதிந்துகொள்ளுமாம். மரத்தைத் தொடவே வேண்டாமாம்.

"பெரியப்பா, நீங்க டேப் புடிச்ச காலத்துல வேலை எப்படி நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. புதுசா வர்றவங்களுக்குப் படிக்கக் குடுக்கணும்" என்றது.

"நான் எட்டாங்கிளாஸோட நின்னவன்மா. தப்பும் தவறுமா வரும்."

"தப்பை நான் பாத்துக்கறேன். நீங்க பயப்படாம எழுதுங்க."

பயப்படாமல் எழுது என்றால் எனக்குக் கை ஓடாது. இத்தனை வருஷ வேலையில் பயப்படாமல் நான் செய்தது ஒன்றும் கிடையாது. அந்தக் கருவியைப் பார்த்ததும்கூட எனக்கு முதலில் தோன்றியது, குரங்கு வந்து தூக்கிக்கொண்டு போனால் யார் பதில் சொல்வது என்பதுதான். பயத்தோடேயே எழுதுகிறேன்.

நான் சேர்ந்தது குழி தோண்டுகிற கூலியாக. செம்மண் மேட்டில் கன்று நட ஆள் எடுத்தார்கள். குழி தோண்டினேன், கன்று சுமந்தேன், ஆடு விரட்டினேன். ஒரு நாள் டேப் பிடிக்கிற ஆள் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் "நீங்க பிடிங்க ஏகாம்பரம்" என்றார் தயாளன் சார். அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை நான்தான் பிடித்தேன். என் படிப்பு இவ்வளவுதான்.

தயாளன் சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. ரொம்ப மெதுவாகப் பேசுவார். காட்டில் சில்வண்டு கத்த ஆரம்பித்தால் அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். திட்ட மாட்டார். தப்பு செய்தால் "மறுபடியும் பார்க்கலாமா?" என்பார். அதற்கு அர்த்தம், காலையிலிருந்து அளந்த அத்தனை மரத்தையும் மறுபடி அளக்க வேண்டும். அதைவிடத் திட்டு வாங்கலாம்.

அவரிடம் இன்னொரு விஷயம் உண்டு. உண்மையில்லாத ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. மரியாதைக்குக்கூட வராது. என் மாமனார் செத்தபோது மாலையோடு வந்திருந்தார். எல்லாரும் "தங்கமான மனுஷன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன். அந்த ரெண்டு தடவையும் நல்லவரா இருந்தார்" என்றார். என் மனைவி மல்லிகா அழுகையை நிறுத்திவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

மரத்தை அளப்பது பார்க்கத்தான் சுலபம். நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். என் நெஞ்சு வேறு, சார் நெஞ்சு வேறு என்பதால் அதற்கென்று ஒரு கொம்பு வெட்டி வைத்திருந்தோம். கொம்பை மரத்தடியில் ஊன்றி, அதன் நுனி தொடுகிற இடத்தில் டேப். மேட்டில் நிற்கிற மரம் என்றால் மேட்டுப் பக்கம்தான் ஊன்ற வேண்டும். கொடி சுற்றியிருந்தால் டேப்பைக் கொடிக்கு உள்ளே விட வேண்டும், கொடியை அறுக்கக் கூடாது. டேப் முறுக்கிக்கொள்ளக் கூடாது, தொய்யக் கூடாது, பட்டையில் அழுந்தவும் கூடாது. நான் அளவைச் சொல்வேன். சார் அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவார். வருஷா வருஷம் அதே மரம், அதே இடம். மரம் எவ்வளவு பருத்ததோ அதை வைத்து எவ்வளவு எடை ஏறியது என்று கணக்கு.

"எடை ஏற மண்ணுல இருந்து எவ்வளவு எடுக்குது சார்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மண்ணுல இருந்து ரொம்பக் கொஞ்சம். காத்துல இருக்கிற கார்பனை இலை இழுத்து மரத்துக்கு உடம்பாக்குது. தண்ணியை நீக்கிட்டு எடை போட்டா, ஏறக்குறைய பாதி அந்தக் கார்பன்தான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு பெரிய பாலை மரத்தில் பாதி காற்றிலிருந்து வந்தது என்றால், இருக்கிற மரமெல்லாம் இழுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆவது? மறுநாள் கேட்டேவிட்டேன். "காத்து தீந்துடாதா சார்?"

சார் சிரிக்கவில்லை. யோசித்தார். "தீராது. மரம் இழுக்கிறதைவிட வேகமா நாம வண்டியிலயும் ஃபேக்டரியிலயும் எரிச்சு ஊத்திக்கிட்டிருக்கோம். அதுதான் கவலை."

என் சின்னக் கவலை போய்ப் பெரிய கவலை வந்ததுதான் மிச்சம்.

செம்மண் மேட்டில் நாங்கள் வேலி போட்டுவிட்ட காடு கிடுகிடுவென்று வளர்ந்தது. அது கார்பனை இழுக்கிற வேகம் அதிகம் என்று சார் கண்டுபிடித்தார். ஆனால் வெட்டாமல் கோடாலி படாமல் பல காலமாக நிற்கிற பழைய காடு என்ன செய்கிறது? மெதுவாக இழுத்தாலும் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறது? இன்னும் இழுக்கிறதா, போதும் என்று நிறுத்திவிட்டதா? பக்கத்தில் வைத்து ஒப்பிட அவருக்கு ஒரு பழைய காடு வேண்டும். எங்கள் பக்கத்தில் பழைய காடு என்றால் சாமி காடுதான்.

மல்லிகாவின் ஊர் மரக்காணம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே ஐயனார் கோயிலைச் சுற்றி வீரையும் காயாவும் இரும்புலியுமாக மரங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும். வெயில் தரையில் விழாது. அந்தக் காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே போகக் கூடாது என்பது ஊர்க்கட்டு. கோயில் பூசாரி நடேசன், மல்லிகாவின் தம்பி. எனக்கு மச்சான்.

சாருக்கு மரம் அளந்தால் மட்டும் போதாது. உதிர்கிற இலையும் வேண்டும். மரம் இழுத்த கார்பனில் எவ்வளவு இலையாகக் கீழே விழுகிறது என்று பார்க்கணும். அதற்கு நாலு கொம்பு நட்டு இடுப்பு உயரத்தில் வலை கட்டுவோம். பழைய வலை வாங்க மரக்காணம் பக்கம் ஒரு மீனவர் வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று சொன்னேன். "காத்துல என்னா மீனு மாட்டுது?" என்று கேட்டுவிட்டு, பாதி விலைக்குக் கொடுத்தார். பாவம் பார்த்திருக்கிறார்.

வலையில் விழுந்ததை மாசம் ஒரு தடவை அள்ளி, இலை வேறு, குச்சி வேறு, பூ காய் வேறு என்று பிரித்து, திண்டிவனத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் அடுப்புப் பெட்டிக்குள் வைத்துக் காய வைக்க வேண்டும். எடை போட வேண்டும். மறுபடி காய வைத்து மறுபடி எடை. இனிமேல் குறையாது என்று எடை நிற்கும்வரை. அக்கம்பக்கத்தில் எங்களை பேக்கரி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பண்டிகை நாளில் ஒரு அம்மா பிஸ்கட் மாவு பிசைந்து தட்டோடு வந்துவிட்டது.

ஆக, சாமி காட்டு இலை வெளியே போக வேண்டும். ஊர்க் கூட்டத்தில் சாமியிடமே கேட்டுவிடலாம் என்றார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வார்டு மெம்பர் வேதவல்லி அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தது. வெள்ளை. உத்தரவு ஆகிவிட்டது. ஆனால் வேதவல்லி அம்மா லேசுப்பட்டதில்லை. "எடுத்துக்கினு போங்க. பாத்துட்டு திருப்பிக் கொண்ணாந்து போட்டுடணும்" என்றது. சார் ஒத்துக்கொண்டார்.

முதல் தடவை அள்ளியது கார்த்திகை மழையில். மச்சான் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்குகிற வியாபாரியிடமிருந்து ஒரு தராசை வாங்கி வந்து மூட்டையை எடை போட்டுத்தான் வெளியே விட்டான். திருப்பிக் கொண்டுபோனபோது பாதிகூட இல்லை.

"மாமா, மீதி எங்க?" என்றான்.

"காஞ்சிடுச்சு நடேசா. மழையில நனைஞ்ச இலைதானே."

வேதவல்லி அம்மா முன்னால் வந்தது. "மல்லாட்டை காஞ்சா எடை கொறையும்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க என்னா கடல்லயா பயிர் வெக்கிறோம்? கொறைஞ்சது தண்ணி. அந்தத் தண்ணி யாருது? கோயில் காட்டு மேல பேஞ்ச மழை, கோயில் இலையில நின்ன தண்ணி. அதை நீ திண்டிவனத்துல ஆவியாக்கிட்ட. இனிமே அது திண்டிவனத்துலதானே மழையா பேயும்?"

சார் ஆமோதிப்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். "திண்டிவனத்துலதான் பேயும்னு சொல்ல முடியாது. ஆனா இங்க பேயும்னும் சொல்ல முடியாது" என்றார். அதோடு தீர்ப்பாகிவிட்டது. எடுத்த எடைக்கும் திருப்பின எடைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தண்ணியாகக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும்.

முதல் தடவை குழாய்த் தண்ணீர் கொண்டுபோனேன். மச்சான் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு, வேர் கெட்டுவிடும் என்று திருப்பி அனுப்பிவிட்டான். அதிலிருந்து கேன் தண்ணீர்தான். மாசா மாசம் ஒரு கையில் காய்ந்த இலை மூட்டை, இன்னொரு கையில் கேனோடு டவுன் பஸ்ஸில் போவேன். கண்டக்டர், "ஊர்ல கொழா கெடையாதாய்யா?" என்பார். சாமி காட்டு மரத்துக்கு என்று சொன்னால், சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு எதிர்ப் பக்கம் பார்த்துக்கொள்வார். ஊற்றுகிற தண்ணீரால் மரம் கூடுதலாக வளர்ந்து கணக்குக் கெட்டுவிடும் என்று சார் வேறு கவலைப்பட்டார். அதனால் நாங்கள் அளக்காத மரங்களாகப் பார்த்து ஊற்றினேன். அளக்கிற மரங்களுக்குப் பொறாமை வருமா என்று நான் கவலைப்பட்டேன்.

இப்படியே ரெண்டு மூணு வருஷம் ஓடியது. என் பெண் செல்விக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தேதி குறித்து, மண்டபம் பேசி, பத்திரிகையும் அடித்தாயிற்று. தாய்மாமன் நடேசன் சீர் தட்டோடு வந்து மணவறையில் பெண்ணுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அது இல்லாமல் எங்களில் தாலி ஏறாது.

பத்திரிகை வைக்க ஊருக்குப் போனோம். சாரும் வந்தார். காட்டில் அவர் கண்டுபிடித்ததை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கோயில் வாசலில் உட்கார வைத்துச் சொன்னார். வளர்கிற காடு வேகமாக இழுக்கிறது, இந்தக் காடு மெதுவாகத்தான் இழுக்கிறது, ஆனால் இது சேர்த்து வைத்திருப்பது அதைவிடப் பல மடங்கு, இதை வெட்டினால் அத்தனையும் காற்றுக்குப் போய்விடும், இன்னும் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது என்றார். ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருவர் எழுந்து சாருக்குத் துண்டு போட்டார். அதோடு எழுந்து வந்திருக்கலாம்.

கார்பன் என்பதைக் கரி என்றே எடுத்துக்கொண்டு வேதவல்லி அம்மா கேட்டது. "இதுல கரி எவ்ளோ இருக்குதுன்னு எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

சார் சொன்னார். "காய்ஞ்ச இலையில ஒரு சிட்டிகை எடுத்துப் பொடி பண்ணி எரிச்சுப் பார்ப்போம்."

மிக்ஸியில் பொடி அடித்துக் கொடுப்பது நான்தான். அது பெரிய ஆபீசுக்குப் போகும், பாட்டிலில் வைத்திருப்பார்கள் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எரிச்சது எங்க?" என்றது வேதவல்லி அம்மா.

"சாம்பல் மிச்சம் இருக்கு. கார்பன் காத்துல போயிடுச்சு."

"திருப்பிப் போடலியா?"

"திருப்ப முடியாது."

"மாசா மாசமா?"

"மாசா மாசம்" என்றார் சார்.

கூட்டம் அப்படியே ஊர்ப் பஞ்சாயத்தாக மாறிவிட்டது. மூட்டையைக் காட்டிலிருந்து தூக்கிப்போனது நான் என்பதால் பாக்கி என் வீட்டுக்கு என்றார்கள். பாக்கி தீராத வீட்டுக்குக் கோயில் பூசாரி சீர் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று ஒரு பழைய கட்டு இருக்கிறதாம். மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். "நான் என்னா மாமா பண்ணுவேன்? சாமி காரியம்" என்றான். மல்லிகா பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்து, "காத்துல போனதை மரம் திரும்ப இழுத்துக்குமே. சார்தானே இப்ப சொன்னாரு" என்றேன். எனக்கு அவ்வளவு தைரியம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஊர் சாரைப் பார்த்தது. "ஆமாம், திரும்ப இந்தக் காட்டுக்கே வந்துடும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். மல்லிகாவும் கும்பிட்டாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏதாவது ஒரு மரம் இழுத்துக்கும். இந்தக் காட்டு மரம்தான்னு என்னால சொல்ல முடியாது. எங்க செம்மண் மேட்டுக் காடாகூட இருக்கலாம். வேற நாடாகூட இருக்கலாம்" என்றார்.

"வேற நாட்டுக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நம்ம ஐயனாரு கரி வேற நாட்டு மரத்துக்கா போச்சு?"

அதற்கப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. காற்று யாருக்குச் சொந்தம் என்று ஒருவர் ஆரம்பித்தார். காட்டுக்கு மேலே நிற்கிற காற்று கோயிலுடையது என்றார் இன்னொருவர். "அப்ப ஹைவேஸ்ல போற லாரி பொகையும் இந்த மரத்துக்குள்ளதானே போவுது? லாரிக்காரன் வந்து மரத்துல பாதி எனக்குன்னு கேட்டா குடுப்பியா?" என்று வேதவல்லி அம்மாவே குறுக்கே கேட்டது. லாரி வைத்திருக்கிற ஒருவர் அங்கேயே இருந்தார். அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மல்லிகாதான் எழுந்தாள். பத்திரிகைக் கட்டைத் தம்பி கையில் கொடுத்தாள்.

"ஏன்டா நடேசா, தெனம் சாமிக்கு சூடம் கொளுத்துறியே, அது எங்க போவுது?"

"பொகையா போவுதுக்கா."

"எங்க?"

"மேல."

"மேலன்னா காத்துலதானே? இந்த மரத்தடியில. அதை எந்த நாட்டுக்குப் போச்சுன்னு எவனாவது கேட்டானா? சார் எரிச்ச கரிக்கு ஈடா இங்க சூடம் கொளுத்திட்டா சாமி கரி சாமி காத்துலயே வந்து சேந்துடும். எண்ணி ஒரு வாரத்துல கல்யாணம். கொளுத்துடா."

வேதவல்லி அம்மா, "சரியாத்தான் இருக்குது" என்றது. ஆனால் சார் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

"எடைக்கு எடை வேண்டாம். இலையில பாதிதான் கார்பன். சூடத்துல முக்காலுக்கும் மேல. அதனால சூடம் கம்மியாப் போதும்" என்று கணக்குப் போட்டு, வாங்கி வந்த சூடத்திலிருந்து ஒரு பங்கைக் கிள்ளி எடுத்து மச்சான் தட்டில் வைத்தார்.

சாமி பாக்கியைக் கிள்ளி வைப்பதா? அதுவரை எங்கள் பக்கம் இருந்தவர்களும் எதிர்ப் பக்கம் போய்விட்டார்கள். "கஞ்சத்தனம் பண்ணாதீங்க சார்" என்றார் லாரிக்காரர். சார் அது கஞ்சத்தனம் இல்லை, கூடுதலாகக் கொளுத்தினால் தப்பு என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு டப்பா வாங்கி வந்து தட்டு நிறையக் கொட்டி மச்சான் கொளுத்தினான். சாமி தெரியவில்லை, அவ்வளவு புகை. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். பாக்கி தீர்ந்தது என்று திண்டிவனம் வந்து சேர்ந்தேன்.

ரெண்டாம் நாள் மச்சான் போன் பண்ணினான்.

"மாமா, ஒரு பேஜாரு ஆயிடுச்சு. சார் சொன்ன கணக்குப்படி நாம கொளுத்துனது ரொம்ப அதிகமாமே. வேதவல்லி அம்மா கணக்குப் போட்டுக்கினு வந்து சொல்லுது."

"அதனால என்னா? சாமிக்குத்தானே."

"நீங்க குடுக்க வேண்டியதுக்கு மேல சாமி வாங்கிடுச்சு. இப்ப சாமி உங்களுக்கு பாக்கி. பாக்கி இருக்கிற வீட்டுக்குப் பூசாரி சீர் எடுத்துக்கினு வரக்கூடாது. எந்தப் பக்கம் பாக்கின்னு அந்தக் கட்டுல சொல்லல."

"வேணாம்னு நான் எழுதிக் குடுக்கறேன் நடேசா. சாமி எனக்கு ஒண்ணும் தர வேணாம்."

"நீ யாரு மாமா சாமிக்குத் தள்ளுபடி பண்றதுக்கு?"

மல்லிகா போனை வாங்கித் தம்பியைப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. கடைசியில் "பூ கேட்டுட்டு சொல்றேங்க்கா" என்று வைத்துவிட்டான். அப்புறம் போன் எடுக்கவில்லை.

கல்யாணத்தன்று விழுப்புரம் மண்டபத்தில் மேளம் ஆரம்பித்தாயிற்று. மச்சானைக் காணோம். மாப்பிள்ளை வீட்டார், "தாய்மாமன் எங்க?" என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டார்கள். பஸ் கிடைக்கவில்லை என்றேன். வாசலுக்கும் மணவறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஐயர் என்னைப் பார்த்து நேரம் என்று கையைக் காட்டினார். செல்வி தலையைத் திருப்பித் திருப்பி வாசலைப் பார்த்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் தூண் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. ஊர் மொத்தமும் இறங்கியது. முன்னால் மச்சான், தலையில் சீர் தட்டு. பின்னால் வேதவல்லி அம்மா, கையில் வெள்ளைத் துணியில் கட்டின ஒரு மூட்டை.

"சார் எங்க?" என்றது.

சார் மூணாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நேராக அவர் முன்னால் போய் மூட்டையை நீட்டியது. "சாமி பாக்கி. காட்டுல உதுந்த இலை. வெள்ளைப் பூ வந்துச்சு. இதைத் திருப்ப வேணாம், எரிச்சவரு நீங்க, நீங்களே வெச்சுக்குங்க. நீங்க வாங்கிக்கினாத்தான் இவன் மணவறை ஏறுவான்."

மண்டபம் முழுக்க சாரையே பார்த்தது. நான் ஓடிப்போய், "வாங்கிக்குங்க சார்" என்றேன்.

சார் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு என் காதருகில் குனிந்து, "ஏகாம்பரம், இது எந்த வலையில விழுந்ததுன்னு கேட்டுச் சொல்லுங்க. அந்த வலைக் கணக்குல சேர்க்கணும்" என்றார்.

நான் கேட்கவில்லை. மச்சான் மணவறை ஏறி, செல்விக்குப் பின்னால் போய் நின்றான். செல்வி அதற்கப்புறம் வாசலைப் பார்க்கவில்லை. கெட்டி மேளம் கொட்டியது. சாமி இலையைத் தரையில் வைக்கக் கூடாது என்று வேதவல்லி அம்மா சொல்லிவிட்டதால், சார் மூட்டையை ரெண்டு கையாலும் பிடித்தபடியே எழுந்து நின்றார். அவர் பக்கம் அட்சதைத் தட்டு வந்தபோது எடுக்கக் கை இல்லை. அவருடைய பங்கையும் சேர்த்து அள்ளி நானே போட்டேன்.